டாக்டரம்மா நீட்டிய கொய்யாக்காய்

ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன் அடித்தது, ஜீப்பை ஓரங்கட்டி எடுத்தேன். பல் டாக்டர் கோமதியம்மா காலமாகிவிட்டாராம். பின்னால் திரும்பிச் சொன்னேன். "ஆத்தாடி, நம்ம டாக்டரம்மாவா?" என்று பின்னால் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன்.

அவரோடு என் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. என் மகள் தேன்மொழிக்கு அப்போது ஏழு வயது. வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கும். எனக்கும் அதே வாய், இறந்துபோன என் அப்பாவுக்கும் அதே வாய். அப்பாவே வந்து பிறந்திருக்கிறார் என்று எங்கள் ஊர் சிலமலை முழுக்கப் பெருமை பேசித் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்க வந்த கோமதியம்மா, அவளை உடனே கிளினிக்குக்குக் கூட்டி வரச் சொல்லிவிட்டார். மகளை இழுத்துக்கொண்டு போடியிலிருந்த அவர் கிளினிக்குக்குப் போய்க் கத்தினேன்.

"எங்கப்பா அடையாளத்த அழிக்கப் பாக்குறீகளா? பால் பல்லு விழுந்தா எல்லாம் சரியாயிரும்!"

அவர் தன் பையிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்து நீட்டினார். "அண்ணே, இத முன்பல்லால கடிங்க."

பல் பதியவில்லை. கத்தியால் நறுக்கித் தின்றே பழகியவன் நான். தேன்மொழி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் வராதுப்பா. அதான் பள்ளிக்கூடத்துல யாரு குடுத்தாலும் வேணாம்பேன்."

எனக்குச் சுருக்கென்றது.

"எல்லாக் கோணலுக்கும் நான் அவசரப்படுத்த மாட்டேண்ணே. நெறைய பொறுத்துப் பாக்கலாம். இது பொறுக்காது. தாடை வளர்ற வயசுலயே திருப்பிவிடணும். வளந்து முடிஞ்சா எலும்ப அறுக்கிற வரைக்கும் போயிரும். அடையாளம் மூக்குல இருக்கட்டும். வாயி திங்கிறதுக்கு."

தேன்மொழியின் வாய்க்குள் கம்பி வைத்த தட்டை மாட்டினார். மேல்பல் முன்னுக்கு வர மாதங்கள் ஆயின. ஒருமுறை லோடு இருக்கிறதென்று கிளினிக் போகும் நாளைத் தள்ளிப்போட்டேன். போனிலேயே பிடித்துக்கொண்டார்: "ஒங்க சோலி முடியட்டும்னு அவ தாடை காத்திருக்காது. வெரசா வாங்க!"

அடக்கம் முடிந்ததும், தேன்மொழியோடு நேராக ராசிங்காபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தங்கச்சி மகனுக்கும் எங்கள் வாய்தான். ஏழு வயது நடக்கிறது.

"டாக்டரம்மாவே போயிட்டாக, இனி யாருட்ட காட்ட? பல்லு விழட்டும் மச்சான்," என்றார் தங்கச்சி வீட்டுக்காரர்.

"தேனியில டாக்டர் இல்லையா? நாளைக்குக் காலையில ஜீப்பு வாசல்ல நிக்கும். நீங்க வராட்டி பிள்ளைய மட்டும் ஏத்திட்டுப் போயிருவேன்."

டாக்டரம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம்தான். தேன்மொழி அங்கிருந்த கொய்யாக்காயை முன்பல்லால் நறுக்கென்று கடித்து, துண்டை என்னிடம் நீட்டினாள். கடைவாயில் ஒதுக்கி மென்றேன். இந்த வாய் என்னோடு முடியட்டும்.