முதல் மழைக்கு ஒரு கதவு

மழை பிடித்துக்கொண்டால் எனக்குக் கண் தானாகச் சொருகும். கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் உள்ளே சட்டியில் தேன்குழல் பொரியும் சத்தமும் ஒன்றுபோலவே இருக்கும். எது மழை, எது எண்ணெய் என்று பிரிக்கத் தெரியாமல் பாதித் தூக்கத்தில் மிதப்பேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் காரைக்குடியைச் சுற்றி எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் என் கடைப் பலகாரம் போகாமல் பந்தி நிறையாது. என் தேன்குழல் விமானம் ஏறிப் போயிருக்கிறது. நான்தான் பக்கத்து ஊர் கல்லலைத் தாண்டி ரயிலில் அதிகம் போனதில்லை. ஒரு அடுப்பும் ஒன்பது பலகைக் கதவு போட்ட ஒற்றைக் கடையுமாக ஆரம்பித்தேன். இன்று ஏழு அடுப்பு, இரும்பு ஷட்டர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பாடுபட்டவள் நான். நான் சொல்லாமல் யார் சொல்வது?

ருசிக்கு என்ன ரகசியம் என்று கேட்பவர்களுக்குத் தெருக்கோடி ஊருணியைக் கைகாட்டுவேன். வீட்டு ஓடுகளில் இறங்குகிற மழை முற்றம் வழியாகத் தெருக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போய்ச் சேரும். மழையைத் தவிர அதற்கு வேறு வரத்து இல்லை. போர்வெல் தண்ணீரில் மாவு பிசைந்தால் கரிக்கும். ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பிசைந்தால் தேன்குழல் வாயில் வைத்ததும் கரையும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஐப்பசியில்தான் அந்த டப்பா திரும்பி வந்தது. கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் என் பழைய வாடிக்கை. பெரிய எவர்சில்வர் டப்பாவை நிரப்பி அனுப்புவேன். தீர்ந்ததும் கழுவிக் காயவைத்து, மறுபடி நிரப்பித் தரச் சொல்லி டிரைவரிடம் கொடுத்துவிடுவார். அன்றைக்கு டப்பா நிறைந்தபடியே வந்தது. போன் செய்தேன்.

"கோவிச்சுக்காதீக," என்றார் ஆச்சி. "ஒங்க கைப்பக்குவத்துல கொறை இல்ல. ஆனா ஏதோ சிக்கு வாடை அடிக்குது. மக வீட்டுக்குக் குடுத்துவிட மனசு வரல."

ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவர் சொன்னது மெய். மாவை மோந்தேன், வெண்ணெயை மோந்தேன், புது எண்ணெயை மோந்தேன். கடைசியாகத் தண்ணீர்க் குடத்துக்குள் முகத்தை விட்டபோது தெரிந்துவிட்டது.

ஊருணிக்கு ஓடினேன். அந்த வருடத்து முதல் மழை பெய்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. படிக்கட்டோரம் தண்ணீரின்மேல் மயில் கழுத்து நிறத்தில் வளையம் வளையமாக ஏதோ விரிந்து கிடந்தது. பச்சையும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று நழுவின. வந்த வேலை மறந்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. இவ்வளவு அழகாக ஒரு கேடு வரும் என்று நான் கண்டதில்லை. அப்புறம்தான் ஆத்திரம் வந்தது. நேரே என் எதிர்க்கடை மெக்கானிக்கிடம் போனேன்.

"ஏய்யா, ஒன் வண்டி எண்ணெய் பூராம் ஊருணியில மெதக்குது. எம் பொழப்புல மண்ணப் போடப் பாக்குறியா?"

அவர் கழிவுப் பஞ்சில் நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"கொஞ்சம் போயிருக்கும் அத்தை, இல்லைங்கல. ஆனா படி ஓரத்துல வெள்ளையும் மஞ்சளுமா ஒதுங்கிக் கெடக்கே, அது எந்த வண்டிக்கு ஊத்துற எண்ணெய்?"

"என்னத்த ஒதுங்கிக் கெடக்கு?"

"அங்குட்டுப் போயி வெரல்ல தொட்டு மோந்து பாருங்க. அந்த வாடைக்கு எனக்குப் பசியே வந்துருச்சு."

போய்த் தொட்டேன். மாவுக் கசடும் சட்டி எண்ணெயும். என் கடை வாசனை.

வாரா வாரம் கசந்துபோன எண்ணெயையும் மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தெருக் கால்வாயில்தான் ஊற்றிவந்தேன்; ஒரு அடுப்பு ஏழானதில் அளவும் ஏறியிருந்தது. அது தப்பு என்று மனதில் பட்டதே இல்லை. மனிதன் திங்கிற பொருள் எப்படி அசிங்கமாகும் என்பது என் நினைப்பு. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் காய்ந்த கால்வாய் அதைக் குடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போனது காணாமல் போனதாகிவிடுமா? அது மழை வரட்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறது.

அன்று மத்தியானம் கால்வாய் ஊருணிக்குள் நுழைகிற வாயில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் முதல் மழையை யாரும் பிடிக்க மாட்டார்கள். ஓட்டில் இருக்கிற தூசியும் பறவை எச்சமும் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழைக்குத்தான் முற்றத்தில் அண்டா வைப்பார்கள். நானும் அப்படித்தான். எல்லா வீடும் வேண்டாம் என்று விட்ட அந்த முதல் மழை எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இதோ, இங்கே வருகிறது. எங்கள் தெரு முழுவதையும் கழுவிக்கொண்டு என் மாவுக்குள் வருகிறது.

அப்படியே கண் சொருகியது. பாதித் தூக்கத்தில் என் பழைய கடை வந்தது. ஒவ்வொரு பலகையாக நிலையில் வெட்டிய காடியில் இறக்கி நான் கடை அடைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே கறுப்புத் தண்ணீர் வந்து முட்டுகிறது. விழித்தபோது என் விரல் ஏதோ ஒரு பள்ளத்தில் இருந்தது. கால்வாயின் இரண்டு பக்கமும் நட்டிருந்த கல்லில் மேலிருந்து கீழாக ஒரு காடி. எதிர்க் கல்லிலும் அதே காடி. நாற்பது வருடமாக அந்த வழியாகக் குடம் சுமந்திருக்கிறேன், பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு பக்கக் கால்வாய், மண்ணும் டீக் கப்புமாக அடைத்து, கருவேலம் மண்டிய பள்ளத்தைப் பார்த்து ஓடியிருந்தது. புரிந்துவிட்டது. யாரோ ஒரு காலத்தில் இங்கே பலகை போட்டு முதல் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். எந்த இன்ஜினீயரும் எனக்குச் சொல்லவில்லை. பலகை போட்டுக் கடை அடைத்த கைக்கு அது தானாகத் தெரிந்தது.

அந்த ஒன்பது பலகையும் பரணில் இருந்தன. பழைய வீட்டை ஓட்டலாக்கியவர் ஒருவர் கேட்டும் நான் கொடுக்காதவை. அவற்றில் ஐந்தை இறக்கி, கால்வாய் அகலத்துக்கு அறுக்கக் கொடுத்தேன். தச்சர் இரண்டு தடவை கேட்டார்: "தேக்காச்சே, யோசிச்சுத்தான் சொல்றீகளா?" வாள் ஓடியபோது நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் பலகை மட்டும் போதாது. முதலில் என் தப்பைத் தெருவில் நின்று நானே சொன்னேன். பெரிய மனுஷி சொல்லிவிட்டால் மற்றவர்கள் தப்பிக்க முடியுமா? பழைய எண்ணெய் இப்போது தகர டின்னில் சேர்கிறது. சோப்புக் காய்ச்சுகிறவர் வந்து எடுத்துப் போகிறார். மாவுத் தண்ணீர் பின்கட்டு வாழைக்கு. மெக்கானிக் வண்டிக்கு அடியில் மரத்தூள் பரப்பி, ஊறியதும் அள்ளிச் சாக்கில் கட்டிவைக்கிறார். வாசல் குப்பையைக் கூட்டிக் கால்வாயில் தள்ளுவதைத்தான் அதுவரை சுத்தம் என்று நினைத்திருந்தோம். அதையும் விட்டோம். ஊராட்சி ஆட்கள் பக்கக் கால்வாயைத் தோண்டிக் கொடுத்தார்கள். கோடையில் ஊருணி வற்றியதும் சேற்றை வாரினோம்.

அந்த ஒரு வருடமும் கேன் தண்ணீரில்தான் மாவு பிசைந்தேன். ருசி நொண்டியது. ஆச்சி வீட்டு டப்பா என் அலமாரியிலேயே இருந்தது. கேட்டு ஆள் வரவில்லை.

மறு ஐப்பசியில் முதல் மழை பட்டப்பகலில் வந்தது. பலகைகள் காடியில் நின்றன. தண்ணீர் சாயம்போல வந்து முட்டி, முனகிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பியது. மெக்கானிக் எனக்குக் குடை பிடித்தார்.

"எப்ப அத்தை தொறக்க?"

"சட்டியில எண்ணெ காஞ்சது எனக்கு ஆளா வந்து சொல்லணும்? பொறுய்யா."

அன்று திறக்கவில்லை. மறுநாள் மழையில் கையளவு தண்ணீரை அள்ளிப் பார்த்தேன். என் ரேகை தெரிந்தது. கடை திறப்பதுபோல ஒவ்வொரு பலகையாக எடுத்தேன். தண்ணீர் சத்தமில்லாமல், முதல் தடவை கடைக்கு வருகிறவர்களைப்போல, கொஞ்சம் தயங்கி உள்ளே போனது.

ஊருணி நிறைந்து, தெளிந்து, ஒரு மாதம் கழித்து அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்தேன். ஆச்சி கேட்காமலேயே அந்த டப்பாவை நிரப்பி அனுப்பினேன். பத்து நாளாக, கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். மழை பெய்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினோராம் நாள் டிரைவர் வந்து டப்பாவை நீட்டினார். எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது:

"என்ன அத்தை, கனக்குதா?"

மூடியைத் திறந்து, அவருக்குத் தெரியும்படி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன்.