அண்ணிக்காக அம்மா வைத்த சூப்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்காருவதும், ஒரு வரி எழுதியதும் எழுந்துபோய்ச் சமையலறையில் நிற்பதுமாகவே இந்த வாரம் கழிந்தது. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் குணம் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது.

அம்மா முசிறியில் வாழை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். உறையூரில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நானும் அண்ணனும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்து அம்மா எங்களை ஆளாக்கினார். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் நின்றபடியே சாப்பிடுவார். "உட்காரும்மா" என்றால், "உக்காந்தா எந்திரிக்கத் தோணாதுடி" என்பார்.

சிறுவயதில் அண்ணன் ஒரு விருந்தில் இறால் தொக்கு சாப்பிட்டு, உதடு வீங்கி, மூச்சு முட்டிப் பிழைத்தார். மீன், இறால், நண்டு எதுவும் ஆகாது, அதில் போட்ட கரண்டிகூட அவருடைய சாப்பாட்டில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காவிரி மீன் தின்று வளர்ந்த அம்மா அன்றைக்கே மீன் சட்டியைத் தூக்கிப் போட்டார். பிறகு எந்த வீட்டு விருந்திலும் அவர் மீனைத் தொட்டதில்லை.

அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். உடன் வேலை பார்த்த வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது உறவில் சலசலப்பு எழுந்தது. அம்மாவோ, "இவனுக்கு மூச்சு முட்டுனா பதறாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாளான்னு கேட்டேன். போவான்னான். அது போதும்" என்று முடித்துவிட்டார்.

அண்ணனுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்ததும் இருவரும் ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்து, உறையூரிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடியேறினார்கள். அண்ணி அப்போது கர்ப்பமாக இருந்தார். மசக்கையில் சாம்பார், ரசம், இட்லி எதுவும் இறங்கவில்லை. அவர் மனம் தேடியதெல்லாம் அவர் ஊர்ச் சாப்பாடு. அதிலோ எதை எடுத்தாலும், மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் மீன் சாறு ஊற்றியிருக்கும். அவருக்கு உயிரான ருசி, அண்ணன் உயிருக்கு ஆபத்து. அண்ணி யாரிடமும் கேட்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார். அதைப் பார்த்துக்கொண்டு அம்மாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. திருச்சியிலேயே கே.கே. நகரில் இருக்கும் எனக்கு ஓயாமல் போன் வரும். "அந்தப் பொண்ணு வயித்துல ஒண்ணுமே நிக்கலடி. ஏதாச்சும் பண்ணணும்."

ஒரு நாள் கடையில் ஒரு சாஸ் பாட்டில் வாங்கி வந்து அம்மா நூடுல்ஸ் கிளறினார். அண்ணனும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். பாட்டிலில் பொடி எழுத்தில் நெத்திலி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணனின் முகம் வீங்கிவிட்டது. அந்த வயிற்றோடு அண்ணி தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தார். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டு முடித்திருந்தார்கள். அம்மா வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டு நடந்தார்.

அண்ணன் கண் விழித்த பிறகு அண்ணி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அத்தை, இனி வேண்டாம். நான் சாம்பார் சாப்பிடறேன்."

"நீ சாம்பார் சாப்பிடற லட்சணத்தைத்தான் நான் தினம் பாக்கறேனே" என்றார் அம்மா.

அம்மா விடவில்லை. அண்ணியின் அம்மாவை வீடியோவில் கூப்பிடச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. அண்ணி நடுவில் நின்று சொல்லச் சொல்ல, இருவரும் காய்களையும் மசாலாவையும் போனுக்கு முன்னால் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். அங்கே அவர் அன்னாசிப்பூவையும் பட்டையையும் காட்டியதும் அம்மா கத்திவிட்டார்: "அடி, இது நம்ம பிரியாணி சாமான்தானே!"

கோழி எலும்பை அன்னாசிப்பூ, பட்டை, தணலில் சுட்ட இஞ்சி, வெங்காயத்தோடு கொதிக்க வைத்தார். மீன் சாறு கொடுக்கும் ருசிக்கு என்ன செய்வது என்பதுதான் இழுத்துக்கொண்டே போனது. காய்ந்த காளானை ஊற வைத்த தண்ணீரையும், நான் எழுத்தெழுத்தாகப் படித்து வாங்கிய சோயா சாஸையும் ஊற்றினார். "ம்ஹூம், இல்லை" என்று அண்ணி தலையாட்டினார். மறுநாள் அண்ணியின் அம்மா ஒரு முள்ளங்கியைத் தூக்கிக் காட்டினார். முள்ளங்கி விழுந்ததும் சூப்புக்கு ஓர் இனிப்பு வந்தது. அரிசிச் சேவையின் மேல் அதை ஊற்றி, கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். அண்ணி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் அத்தை" என்றார். அம்மா தானும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார்.

பிறகு மீந்த சோற்றில் முட்டைச் சோறு, வேர்க்கடலைச் சட்னியோடு காய்ச் சுருள் என்று வீட்டில் தினமும் ஏதோ ஒன்று நடந்தது. "சாம்பாருக்குப் பருப்பு வேகற நேரத்துல இது முடிஞ்சுடும்க்கா" என்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்தார். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். பெயர் சூட்டு விழாவுக்கு வந்த முசிறிச் சொந்தங்களுக்கும் அந்தச் சூப்தான். முதலில் முகம் சுளித்த பெரிய மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கியதை, கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறியது. நகரும் ஒரு கை மட்டும் போர்வையை இழுத்துக்கொண்டே இருக்கும். எழுந்திருக்கப் பார்ப்பார், நாங்கள் படுக்க வைப்போம், மறுபடியும் பார்ப்பார். படுக்கையில் அவரைப் பார்ப்பதுதான் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது.

அண்ணனையும் பிறகு அம்மாவையும் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று சவாரிக் கூலியை வாங்க மறுத்து, பின்னாளில் அம்மாவைத் தூக்கவும் வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், தொலைவில் இருந்தே சமைக்கக் கற்றுத் தந்த சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை அமையவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மா போவதற்கு முந்தைய நாள் மாலை, அரிசியை லேசாக வறுத்து, இஞ்சியும் காளானும் போட்டு, தன் ஊர்க் கஞ்சியை அண்ணி காய்ச்சிக் கொண்டுவந்தார். இரண்டு நாளாக யார் ஊட்டினாலும் வாயை மூடிக்கொண்ட அம்மா, ஒரு கரண்டி வாங்கி நாக்கில் நிறுத்திப் பார்த்தார். பிறகு குழறலாக, ஆனால் எல்லாருக்கும் புரியும்படி, "உப்பு பத்தலம்மா" என்றார்.

"இருங்க அத்தை, போட்டு எடுத்துட்டு வரேன்" என்று அண்ணி உள்ளே ஓடினார். வந்து ஊட்டிய கஞ்சியை அம்மா கடைசிக் கரண்டிவரை சாப்பிட்டார்.