அம்மா அழப் போன மலை

நாங்கள் இத்தாலியின் பலேர்மோ நகரில் இருந்த அத்தனை வருடங்களிலும் ஒரேயொரு தடவைதான் குடும்பமாகச் சுற்றுலா போயிருக்கிறோம். அதையும் சுற்றுலா என்று நம்பியது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. எரிமலைப் பூங்காவுக்குப் போகிறோம் என்று வகுப்பு முழுவதும் தம்பட்டம் அடித்துவிட்டேன். எத்னாவின் சரிவில் எரிகுழம்பு வழிந்து இறுகிய கறுப்புப் பாலைவனம் கிடக்கிறது, அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை என்று ஆசிரியை சொல்லித் தந்திருந்தார். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அப்பா எங்களை எதற்குக் கூட்டிப்போகிறார் என்று நான் யோசிக்கவில்லை. பிள்ளைகள் இப்படியானவற்றை யோசிப்பதில்லை.

எல்லாம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. நான் கண்டிராத என் மாமா. அவர் ஊரில் செல் குண்டு விழுந்து இறந்துபோனார். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். கடிதம் கொழும்புக்கு வந்து, யாரோ ஒருவருடைய பையில் கிடந்து, எங்கள் கைக்கு வந்தபோது செத்தவீடு முடிந்து, எட்டுச்செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. துடக்கு, அந்தச் சாவுத் தீட்டுக்கூட மிச்சமில்லை. ஊரில் எல்லோரும் அழுது முடித்து, வீடு கழுவி, பழையபடி சமைக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்குத் தம்பி செத்தார்.

அம்மா கடிதத்தைப் படித்துவிட்டுக் கூந்தலை அவிழ்த்தார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நடுத்தரையில் குந்தியிருந்து நெஞ்சில் அடித்து ஒப்பாரி சொல்லத் தொடங்கினார். நான் ஒப்பாரி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. எங்கள் கட்டடம் ஒன்றும் அமைதியான கட்டடம் அல்ல. தொலைக்காட்சியில் கோல் விழுந்தால் ஆறு மாடியும் கத்தும், புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடித்தால் தெருவுக்கே கேட்கும். அவையெல்லாம் அவர்களுக்குச் சத்தமில்லை. அம்மாவின் சத்தம்தான் சத்தம். கீழ்வீட்டுக்காரி தும்புக்கட்டைக் கம்பால் கூரையில் இடித்தாள். அரைமணி நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர் வந்து வாசலில் நின்றார்கள். அப்பா அம்மாவை அடிக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இத்தாலிய மொழிக்கு நான்தான் பொறுப்பு. அப்பா பெர்மெசோவை, இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். சீருடையைக் கண்டதும் அவருக்கு வந்த இரண்டு இத்தாலியச் சொற்களும் ஓடிப்போயின. பொலிஸ்காரர் நல்ல மனிதர், குனிந்து என்னிடம் கேட்டார், அம்மா ஏன் அழுகிறார் என்று. அவருக்குப் பின்னால் படியில் என் வகுப்புக்காரி, இரண்டாம் மாடிப் பெட்டை, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் சொன்னேன், அம்மாவுக்குப் பல்வலி என்று. பொலிஸ்காரர் சிரித்துவிட்டு, பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டச் சொல்லிப் போனார். அம்மா சிஞ்ஞோராக்கள் என்கிற இத்தாலிய வீட்டுக்காரிகளின் வீடுகளில் நாலு வருடமாக வேலை செய்தவர். பல்லுக்கு இத்தாலியனில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியும். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

கதவைச் சாத்திவிட்டு அப்பா சொன்னார்.

"இஞ்சரும், கொஞ்சம் மெல்லமாய் அழும்."

அம்மாவுக்கு மெல்ல அழத் தெரியாது. அதனால் அழுகையையே நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பை மூட்ட மறந்தார். சிஞ்ஞோராவின் புருஷனுடைய சட்டையில் அயன்பெட்டியை வைத்தபடி நின்று, முதுகில் முக்கோணமாக எரித்துவிட்டு வந்தார். நான் கேட்பதற்கு 'ஓம்', 'இல்லை' தவிர வேறு பதில் இல்லை. அப்பா இரவுச் சாப்பாட்டின்போது அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், அழாத துக்கம் ஆளைத் தின்றுவிடும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். இப்படியே இரண்டு மாதம் போனது. பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது, ஞாயிற்றுக்கிழமை எரிமலை பார்க்கப் போகிறோம் என்று.

கூட்டிப்போனவர் மன்னார் அங்கிள். அப்பாவின் கூட்டாளி. ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்தார். பழம் ஏற்றுகிற வான் வண்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வந்தார். பின்னால் மூன்று மரப்பெட்டிகளைக் கவிழ்த்து எங்களுக்கு இருக்கை. அன்று அப்பாவே எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ஊற்றி வைத்திருந்தார். ரொட்டி ஓடு மாதிரி இருந்தது. அதைச் சொல்லி நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் இரண்டு சாப்பிட்டார்.

மத்தியானத்துக்கு முன்னமே மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம். வண்டியிலிருந்து இறங்கிய உடனே காலடியில் கறுப்பு மண் நறநறத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்பு. அடிப்பிடித்த சோற்றுப்பானையைச் சுரண்டிக் கவிழ்த்ததுபோல ஒரு நிலம். சில இடத்தில் கல் கயிறாகத் திரண்டிருந்தது, சில இடத்தில் ஆளுயரத்துக்குக் கொம்பும் பல்லுமாக எழும்பி நின்றது. இடையிடையே மஞ்சள் பூத்த முட்பற்றை ஒன்றிரண்டு. பறவைச் சத்தம்கூட இல்லை. அப்பா சுற்றிவரப் பார்த்தார். விலை பேசி வாங்கப்போகிற காணியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அங்கிளிடம், "இது காணும், இந்த இடம் போதும்" என்றார்.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தக் கல்லுகளுக்கு அங்காலை போம். நாங்கள் இந்தப் பாதையிலை நிக்கிறம். ஒருத்தரையும் விடமாட்டம்."

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அவர்களுக்குள் முன்பே பேசி வைத்திருந்தார்களோ, இல்லை அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியதோ, தெரியாது. சிஞ்ஞோரா கொடுத்த பழைய கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனார். அப்பாவும் அங்கிளும் பாதையின் நடுவில் கோவில் வாசலில் தொண்டர் நிற்பதுபோல நின்றுகொண்டார்கள். என்னை அறிவிப்புப் பலகை வாசிக்கச் சொன்னார்கள். கல் எடுக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். ஆனால் ஆசிரியைக்கு ஒரு கல் கொண்டுபோவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். இவர்கள் கதையில் மூழ்கியதும் மெல்ல நழுவிவிட்டேன்.

கல்லைத் தேடிப் போகையில் சத்தம் கேட்டது. முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். ஒரு பெரிய பாறையைச் சுற்றிப் போனால், அம்மா. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கூந்தல் அவிழ்ந்து கிடக்க, கறுப்பு மண்ணில் இருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். என்ர ராசா, உன்ர முகம் பாக்கேல்லையே, ஒருபிடி வாய்க்கரிசி போடேல்லையே, அக்கா வரமுந்தி உன்னை ஏன் எடுத்தவை என்று இழுத்து இழுத்துச் சொன்னார். பிறகு குரல் ஏறியது. அந்த மலை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. அம்மா அப்போதுதான் தொடங்கியிருக்கிறார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. ஒப்பாரிக்கு ஒரு ஏற்றம் உண்டு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் சொல்லித்தான் அது இறங்கும். ஒப்பாரியில் அவர் தம்பியைத் தொட்டிலில் போட்ட இடத்துக்குத்தான் வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, மற்றப் பக்கச் சரிவில் தலைகள் தெரிந்தன. கையில் தடியும் தலையில் தொப்பியுமாகப் பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர். அப்பா காவல் நின்றது ஒரு பாதையில். மலைக்கு எத்தனை பாதை என்று அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

எனக்குப் பொலிஸ்காரரும், படியில் நின்ற வகுப்புக்காரியும்தான் நினைவுக்கு வந்தார்கள். ஓடிப்போய் அம்மாவின் வாயை இரண்டு கையாலும் பொத்தினேன்.

"அம்மா, ஆக்கள் வருகினம். கேக்கப்போகுது."

அம்மாவின் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. என்னைப் பார்த்தார். அடித்து எறிந்திருக்கலாம், தள்ளிவிட்டிருக்கலாம். அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கூந்தலை அள்ளி முடிந்தார். கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரர் கிட்ட வந்தபோது நாங்கள் கல் பார்க்க வந்த தாயும் மகளுமாக இருந்தோம். அம்மா அவர்களுக்கு 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம்கூடச் சொன்னார்.

அவர்கள் மறைந்ததும், "போயிட்டினம் அம்மா" என்றேன், பெரிய உதவி செய்தவள் மாதிரி. அவர் மறுபடி தொடங்கவில்லை. எழும்பவும் இல்லை. வெகுநேரம் என்னை அணைத்தபடி அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அலுத்துவிட்டது, போவோம் என்று இரண்டு மூன்று தரம் கேட்டேன். இவ்வளவு சீக்கிரம் போனால் அழுகை பாதியில் நின்றதை அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் நேரத்தைப் போக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெயில் சரிந்த பிறகுதான் எழும்பினார்.

நான் வண்டிக்குள் படுத்திருப்பதாக நினைத்திருந்த அப்பா, பாதையில் என்னைக் கண்டதும் முகம் மாறினார். "இவள் உம்மைக் குழப்பினவளோ?"

"இல்லை. பிள்ளை இப்பதான் வந்தவள்" என்றார் அம்மா. "காணும், போவம்."

அம்மா பிறகு அழுது நான் காணவில்லை. அடுப்பை மூட்ட மறக்கவும் இல்லை, சட்டை எரிக்கவும் இல்லை. சுகமாகிவிட்டது என்று அப்பா நம்பினார், நானும் நம்பினேன். ஆனால் தம்பியின் பெயரை அவர் வாயால் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஊர்க்கதை வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். இருபத்தைந்து வருடம் அப்படியே இருந்தார். போன மாசியில் அவரும் போய்விட்டார்.

சவக்காலையிலிருந்து திரும்பி வந்து அப்பா சோபாவில் இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். அவருக்கு நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை. அம்மாவுக்கு இந்த நாட்டில் ஒரு சுகமும் கொடுக்கவில்லை என்று தொடங்கினார். பிறகு தானாகவே தலையை ஆட்டினார்.

"ஒண்டு மட்டும் செய்தனான், பிள்ளை. அவவுக்கு அழுகிறதுக்கு இடம் தேடினனான். கடற்கரை முழுக்க ஆக்கள். சியாகுல்லித் தோட்டத்திலை நாய். வேலை செய்யிற வீடுகளிலை எல்லாம் கேட்டனான், ஆளில்லாத இடம் எங்கை இருக்கெண்டு. ஒரு வீட்டுக் கிழவர்தான் எரிமலையைச் சொன்னவர்."

ஒன்பது வயதில் எனக்கு விளங்கியது, ஆட்கள் வருகிறார்கள் என்பது மட்டும்தான்.

அப்பா கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு நீ போகேக்கை அவ அழுது முடிச்சிட்டாதானே?"

"ஓம் அப்பா" என்றேன். "நான் போகேக்கை முடிச்சிட்டா."