பேனர் போர்த்திய படகு

போன வாரம் குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட் நடுவில் பிளந்து, ஓரம் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. சுருக்கென்று தொடையில் குத்த, "ஐயோ!" என்று கத்திவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக் குந்துக்கா, அது அப்படித்தான்" என்றார். அது அப்படித்தான் என்று எனக்கா தெரியாது? ரெக்சின் சீட்டோடு மல்லுக்கட்டித்தானே என் முதல் வேலையே ஓடியது!

ஆவடிப் பக்கம் ஓர் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. அப்பா ஃபேக்டரியில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நாங்கள் அண்ணனூரில் வாடகை வீட்டுக்கு வந்திருந்த சமயம். பென்ஷன் வாடகைக்கும் தம்பி படிப்புக்கும் சரியாகப் போனது. அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

படகு சீட்டெல்லாம் பலகைமேல் ஸ்பாஞ்ச் வைத்து, வெள்ளை ரெக்சினை இழுத்து அடித்தவை. ஒரு கோடை தாண்டியதும் வெடித்த குதிகால் மாதிரி ஆகிவிட்டன. பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்பாஞ்சில் ஊறிக் கிடக்கும். மேலே துடைத்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். நம்பி உட்கார்ந்தால் தீர்ந்தது. எழுந்திருக்கும்போது பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் கைப்பையைப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி நடப்பார்கள். வெள்ளை வேட்டியில் வந்த ஒரு பெரியவர் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா, அதை இங்கே எழுத முடியாது. டிக்கெட் கொடுத்த பாவத்துக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது நான்.

செலோடேப் ஒட்டினோம், உரிந்தது. பசை தடவினோம், ஒரு அம்மாவின் புடவையோடு போய்விட்டது. புது ரெக்சின் கேட்டால் கான்ட்ராக்டர், "பொங்கல் தாண்டட்டும்மா. ஆனா இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, போட்டையும் நிறுத்திடுவேன், உங்க ரெண்டு பேரையும் நிறுத்திடுவேன்" என்றார்.

இரண்டாவது ஆள், துடுப்புப் போடும் செல்வம் அண்ணன். வழி கண்டுபிடித்தது அவர்தான். நம் ஊரில் பிளெக்ஸ் பேனருக்கு விசேஷம் முடிந்ததும் ஆயுசு முடிவதில்லை. கூரை, இளநீர் வண்டி, மாட்டுக் கொட்டகை என்று எங்கேயாவது போய் ஏறிவிடும். மண்ணூர்பேட்டையில் கழற்றிப் போட்டிருந்த பேனர்களை அண்ணன் ஒரு கட்டாகச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"தண்ணி ஒரு சொட்டு எறங்காது பாரு. படத்த உள்பக்கம் உட்டு அடிச்சா எவனுக்குத் தெரியப்போவுது?"

காதுகுத்து, கிரகப்பிரவேசம், மஞ்சள் நீராட்டு எல்லாம் குப்புறக் கவிழ்ந்து சீட்டுக்கு உறையாயின. வெள்ளை முதுகு மட்டும் மேலே. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுக்கக் கரும்புச் சக்கையும் புளிச்சோற்று வாசனையும். காலையிலிருந்து ஒருத்தரும் நனையவில்லை. மத்தியானம் மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு மகன், தன் அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா இறந்து வருஷம் திரும்பிய பிறகு வந்த முதல் பண்டிகையாம். நான் கைபிடித்து ஏற்றிவிட்டேன். மகன் உட்கார்ந்த வேகத்தில் ஓரத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் தெறித்து, பேனர் மடிப்பு விரிந்துகொண்டது. அவர் இழுத்துப் பார்த்தார். முதலில் 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி'. அப்புறம் ஒரு மீசை. அப்புறம் முழு முகம்.

"யோவ், இன்னாயா இது? எங்க நைனாயா! எங்க நைனா மேலயே என்னக் குந்த வச்சிட்டீங்களா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடையிலிருந்து கான்ட்ராக்டர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. போச்சு, வேலை போச்சு, வீட்டில் என்ன சொல்வேன்?

அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"வருசா வருசம் போட்ல கூட்டினு போறேன், கூட்டினு போறேன்னு சொல்லினே இருந்துச்சுடா இந்த மன்சன். ஒரு பொங்கலுக்காவது கூட்டினு வந்துச்சா? இப்ப பாரு, எனக்கு முன்னாடி வந்து எடம் புட்ச்சி வச்சிகினு கீது!"

"அம்மா, நீ சும்மா இரு..."

"நீ எய்ந்திருடா மொதல்ல. நைனா குந்தட்டும்."

மகன் எதிர் சீட்டுக்குப் போனார். அம்மா பேனரைப் படம் மேலே தெரியும்படி விரித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். படகு நகர்ந்தது.

"இன்னா தகராறு?" என்று கேட்டபடி வந்தார் கான்ட்ராக்டர்.

"ஒண்ணுமில்ல சார், எடம் மாத்தி உக்காந்தாங்க" என்றேன். அப்பாடா! டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதேன். பயம் விட்ட அழுகை, அவ்வளவு சுகமாக இருந்தது.

கரை சேர்ந்ததும் அந்த அம்மா பேனரை மடித்துக் கையோடு கொண்டு போய்விட்டார். அடுத்த காணும் பொங்கலுக்கும் வந்தார், தனியாக. டிக்கெட் இரண்டு கேட்டார். நான் கிழித்துக் கொடுத்தேன். செல்வம் அண்ணன் பக்கத்துச் சீட்டையும் துடைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

இப்போது அங்கே எல்லாம் ஃபைபர் சீட். வெடிக்காது, ஊறாது, யார் பின்பக்கமும் நனையாது. நிம்மதிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பழைய படகுகள் எடைக்குப் போய்விட்டன. செல்வம் அண்ணன் தண்ணீர் லாரிக்குப் போய்விட்டார். டிக்கெட் கொடுப்பதும் யாரோ புது ஆள். அந்த அம்மா போய் இரண்டு டிக்கெட் கேட்டால், "இன்னொருத்தர் எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.