வலது முன்சக்கரம்

பர்மாவில் அலோன் என்கிற ஊரில், படகுத்துறைக்குப் பின்னால் எங்கள் பட்டறை. எங்கள் என்றால் நானும் என் தங்கை புருஷனும். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட அவர் நல்ல வேலைக்காரர். அதை ஒருநாளும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு கொழுப்பு எனக்கு.

போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு பர்மியப் பெரியவர் தன் தாத்தா ஓட்டிய காரைக் கொண்டுவந்து விட்டார். நாலு சக்கரத்துக்கும் பிரேக் வைக்க ஆரம்பித்த காலத்து வண்டி. பிரேக்குக்கு எண்ணெய் கிடையாது, குழாய் கிடையாது. மிதியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரும்புக் கம்பி போகும். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு பிடிக்கவேண்டும். இல்லையென்றால் அதிகம் பிடிக்கிற பக்கமாக வண்டி வெட்டிவிடும்.

மூன்று வாரம் மல்லாடினோம். ஜாக்கியில் தூக்கி, மிதியைக் கட்டையால் அழுத்தி வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்போம். ஒருவர் கம்பியை முறுக்கி இறுக்கியதை மற்றவர்தான் சுற்றிப் பார்க்கவேண்டும். அது எங்கள் பட்டறை வழக்கம். பிறகு பின்தெருவில் ஓட்டி, சுண்ணாம்புக் கோட்டில் சட்டென்று மிதித்து, நாலு டயரும் தேய்த்த தடத்தை அளப்போம்.

அன்றைக்குப் பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இடது முன்சக்கரத்தை முறுக்கியிருந்தேன், வலதை இன்னும் தொடவில்லை. மாப்பிள்ளை அவருக்கு டீ வாங்கப் போயிருந்தார்.

"ஓட்டிக் காட்டுங்களேன், ஸயா" என்றார் பெரியவர். அவ்வளவு பெரிய மனுஷர் வாயால் வாத்தியாரே என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாக்கியை இறக்கிவிட்டேன்.

மாப்பிள்ளை டீயோடு வந்தார். "வலப்பக்கம் நான் இன்னும் சுத்திப் பாக்கலையே, மச்சான்?"

"எல்லாம் நானே பாத்தாச்சு. நீங்க போய் நில்லுங்க."

இங்கே வண்டி போவது ரோட்டின் வலப்பக்கம்; இந்தக் காருக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஓட்டுகிறவனுக்கு இடது சக்கரம் தெரியாது. அதைக் கவனிக்க நடுரோட்டுப் பக்கம் ஒரு ஆள் நிற்கவேண்டும். மாப்பிள்ளைதான் எப்போதும் நிற்பார். அன்றும் போய் நின்றார்.

கோட்டில் மிதித்தேன். வண்டி படாரென்று இடப்பக்கம் வெட்டியது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கை ஓடிவந்தாள். "என்னண்ணே ஆச்சு?"

"வண்டிக்கு ரொம்பக் கிட்ட வந்து நின்னுட்டாரும்மா."

சண்டாளன். வேறென்ன சொல்ல என்னை!

நாலு மாதம் அவள் அவரைத் திட்டாத நாளில்லை. கட்டு மாற்றும்போதும் திட்டு, கஞ்சி கொடுக்கும்போதும் திட்டு. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் அந்தக் காரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வேறு வேலை பார்த்தேன். பெரியவரும் அவசரமில்லை என்று விட்டுவிட்டார்.

போன வாரம் மாப்பிள்ளை கம்பு ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நேராகப் போய்த் தார்ப்பாயை விலக்கி, ஜாக்கி போட்டு, மிதியில் கட்டையை முட்டுக்கொடுத்தார். வலது முன்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு இதை நான் தொடவே இல்ல, மாப்பிள்ளே" என்றேன். அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க. தங்கச்சிகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்."

"தெரியும், மச்சான். வண்டி என் பக்கம் திரும்பினப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். "அவகிட்ட வேணாம். உங்களை விட்டா அவளுக்குப் பொறந்த வீடுன்னு யாரு இருக்கா? திட்டுதானே, நான் வாங்கிக்கிறேன்."

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். சரி என்றேன்.

அன்று சாயங்காலம் தங்கை எங்கள் இருவருக்கும் சோறு போட்டாள். "அண்ணன் கை வச்ச வண்டி! இவரு கண்ணு எங்க போச்சோ?" என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் கவனிக்கல" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.

என் வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினேன்.