கேட்டில் பிடிபட்ட ஒரு டின் கஞ்சி

அவசரகாலம் என்று இப்போது எழுதுகிறார்களே, கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அந்த வருடங்களில் நாங்கள் மலாய் நாட்டில், கெர்லிங்கிலிருந்து உள்ளே தள்ளி மலையடியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சிதறிக் கிடந்த லயத்து வரிசை வீடுகளை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, போக வர ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். நான் உலு யாமிலிருந்து கல்யாணமாகி அங்கே வந்த புதிது. வேலிக்குள் குடித்தனம் பண்ணிப் பழகாதவள், வாயும் கொஞ்சம் நீளம்.

என் வீட்டுக்காரர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தோட்டத்தையும் லயத்தையும் காவல் காக்க அரசாங்கம் துப்பாக்கி கொடுத்து வைத்திருந்த உள்ளூர் ஆட்களில் ஒருவர். அதற்கு முன்னால் அவரும் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவர்தான். அப்போதெல்லாம் அவரை ‘டேய்’ என்று கூப்பிட்டு வேலை வாங்கிய மண்டோர், காக்கி போட்ட பிறகு ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து யாரிடமும் மரியாதை வாங்கிப் பழகாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியும். அதனால் அந்தக் காக்கியைச் சாமி சாமான் மாதிரி வைத்துக்கொண்டார்.

அவர் மட்டுமில்லை, காவலுக்கு இருந்த பையன்கள் எல்லோருமே அப்படித்தான். துப்பாக்கி சுடத் தெரிந்தவன் பாதி, அதை ஸ்டைலாகத் தோளில் மாட்டத் தெரிந்தவன் மீதி. யாருடைய மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது, யாருடைய பக்கிள் பளபளக்கிறது என்று ஓயாத போட்டி. என் வீட்டுக்காரர் கோலகுபு டவுனுக்குப் போய் அகலமான தோல் பெல்ட், அடியில் இரும்பு ஆணி வைத்த தோல் பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாங்கி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்து, கதவில் முட்டிக்கொண்டார். நான் சிரித்ததற்கு ஒரு பொழுது முழுக்கப் பேசவில்லை.

காட்டோரம் ரோந்து போக வேண்டி வந்தால் போட்டுக்கொள்ள என்று வேறொரு செட் கொடுத்திருந்தார்கள். தொளதொளவென்று ஒரு பச்சைச் சட்டை, அதே மாதிரி நீளக் கால்சட்டை, விளிம்பு தொங்கும் துணித்தொப்பி, ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் சப்பாத்து. பையன்கள் அதற்கு ‘சாக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சாக்கு பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அவருடைய மடிப்புக்குப் பின்னால் இருந்த கை என்னுடையது. சோறு வடித்த கஞ்சியை எடுத்து வைத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, காக்கியை முக்கி, வெயிலில் விறைக்க விட்டு, கரிப்பெட்டியால் தேய்ப்பேன். லயத்தில் மற்றப் பெண்கள் வந்து எப்படிப் போடுகிறாய் என்று கேட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இது நடந்தது மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில். பால் குறைவு, அன்றைக்கு வெட்டு இல்லை. மழை இல்லாததால் லயத்துப் பைப்பில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகியது. துணி துவைக்க வேலிக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருந்த ஆற்றுக்குத்தான் போக வேண்டும். நானும் மற்றப் பெண்களோடு துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கூடையில் சவுக்காரம், பிரஷ், மூடி போட்ட ஒரு பால்மாவு டின். டின்னுக்குள், துவைத்த கையோடு காக்கிக்குப் போடக் கஞ்சி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கக் கூடாது என்று, ஒரு பிடி அரிசி கூட வேலியைத் தாண்டக் கூடாது என்பது அப்போது சட்டம். பிடிபட்டால் ஜெயில். நாட்டை விட்டே கப்பலேற்றி விடுவார்கள் என்றும் பேச்சு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துணிக்குப் போடும் கஞ்சி என் மனதில் சவுக்காரத்தோடு சேர்ந்த சாமான். அது அரிசியில் பிறந்தது என்பதே அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. வழக்கமாகக் கேட்டில் நின்றவர்களும் எங்கள் பையன்கள்தான். அவர்களே கஞ்சி போட்ட காக்கியில் நிற்பவர்கள், டின்னைப் பார்த்தால் என்ன சொல்லப் போகிறார்கள்?

அன்றைக்குக் கேட்டில் அவர்கள் இல்லை. காட்டுக்குள் ரோந்து போகும் ஒரு போலீஸ் கூட்டம் காலையிலேயே லோரியில் வந்து இறங்கியிருந்தது. வழிகாட்ட என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போக வந்தவர்கள். அவர் தயாராகி வரும்வரை கேட் சோதனையையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க டவுனிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்மணியும் கூட வந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மலாய்க் கார்ப்பரல், என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும்.

அந்தப் பெண்மணி டின்னைத் திறந்து முகர்ந்தாள். கலக்கிப் பார்த்தாள். போதாத காலம், அடியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை மேலே மிதந்து வந்தது. இது என்ன என்று மலாயில் கேட்டாள்.

‘கஞ்சி’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். துணிக்குப் போடும் பசையை மலாயிலும் கஞ்சி என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்த கடைவீதி மலாயில், குடிக்கிற கஞ்சிக்குப் ‘புபோர்’ என்று பெயர். நம் பேச்சு அவர்களுக்குப் புரியாதே என்று, புத்திசாலித்தனமாக மொழிபெயர்த்துப் ‘புபோர்’ என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. கார்ப்பரல் எழுந்து வந்தார். யாருக்கு என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு என்றேன். அவர் எங்கே என்றார். நானும் உள்ளது உள்ளபடி, இன்றைக்கு ‘ஹூத்தான்’ போகிறார் என்றேன். ஹூத்தான் என்றால் காடு.

காட்டுக்குப் போகிற புருஷனுக்குக் கஞ்சி கொண்டு போகிறேன்! நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. என்ன சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பதறிப்போய், சாப்பிட இல்லை, சட்டைக்குப் புபோர் என்று என் ஜாக்கெட்டை இழுத்துக் காட்டினேன். சட்டைக்குச் சாப்பாடு போடுகிறாளாம் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண்மணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் என் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

பின்னால் நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“ஐயோ, அது துணிக்குப் போடுறதுலா!”

“யாராச்சும் ஓடிப் போயி அவ வூட்டுக்காரரக் கூட்டியாங்கடி!”

கூச்சலில் யாருக்கு எது புரிந்ததோ தெரியாது. உலு யாமில் இருக்கும் அம்மா முகம் கண் முன்னால் வந்தது. லோரியில் ஏற்றிவிட்டால் இனி யாரை எங்கே பார்ப்பேன் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அந்த அழுகையிலும் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. சரக், சரக் என்று காக்கி உரசும் சத்தம், ஆணி பூட்ஸ் சத்தம், பக்கிள் குலுங்கும் சத்தம். அவர் வருகிறார் என்று தெரிந்துபோயிற்று. கார்ப்பரலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் லயத்து மூலையில் ஆள் தெரிந்தார்.

காட்டுக்குப் போக அவர் உடுத்தியிருந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! நான் தேய்த்துக் கொடுத்த காக்கி, தோல் பெல்ட், பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி. சாக்கு கட்டிலடியிலேயே கிடந்தது.

“என்னா ஆச்சு? ஏன் அழுவுற?”

“புபோர்னு சொல்லிட்டேங்க.”

அவருக்கு மலாய் நன்றாக வரும். டின்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். திரும்பி வீட்டுக்கு ஓடி, தேய்த்து வைத்திருந்த இன்னொரு காக்கி அரைக்கால் சட்டையைக் கொண்டு வந்தார். அதைக் கார்ப்பரல் முன்னால் செம்மண் தரையில் வைத்துக் கையை எடுத்தார். அது தானாகவே நின்றது. உள்ளே ஆள் இல்லாமல், இரண்டு காலையும் விரித்துக்கொண்டு, மடிப்புக் கலையாமல் நின்றது.

எல்லோரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு கார்ப்பரல், “ஓ, கஞ்சி!” என்று கத்திவிட்டுச் சிரித்தார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். என் கையைப் பிடித்திருந்த பெண்மணி, அதே கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். நான் சொல்லத்தானே செய்தேன், வேறு பாஷையில்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கார்ப்பரலின் சிரிப்பு நின்றுவிட்டது. நிற்கிற கால்சட்டையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். இன்றைக்கு எனக்கு முன்னால் நடக்கப் போகிறவன் நீதானா என்று கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்றார்.

கார்ப்பரல் என்னிடம் வந்து, வேலியைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். உன் வீட்டுக்காரர் உன் பின்னால் எங்கேயாவது போய் நிற்பார், எங்கே என்று கையைக் காட்டு என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். சரக் சரக் என்ற சத்தம் இடது பக்கமாகப் போய் நின்றது. காட்டினேன். வலது பக்கம் போனது. காட்டினேன். மெதுவாகப் பூனை நடை நடந்து பார்த்தார், பாவம். அதையும் காட்டினேன். என் கஞ்சியாயிற்றே, எனக்குத் தெரியாதா! பெண்கள் கைதட்டினார்கள்.

அடுத்து நான் என்றார் கார்ப்பரல். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காற்றில் ரப்பர் இலை உருள்வது கேட்டது, கோழி கேட்டது, மனித நடை மட்டும் கேட்கவில்லை. இன்னும் கிளம்பவில்லை போல என்று திரும்பினால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளுத்துத் தொங்கிய பச்சைச் சட்டை, காலில் நைந்துபோன கேன்வாஸ் சப்பாத்து. சத்தம் போட அவர் உடம்பில் ஒன்றுமே இல்லை.

கார்ப்பரல் கோபப்படவில்லை. தணிந்த குரலில், நீ கையைக் காட்டின இடத்துக்கெல்லாம் காட்டுக்குள் ஒருவன் துப்பாக்கியைக் காட்டுவான் என்றார். எனக்கும் வீட்டில் மனைவி இருக்கிறாள், உன் வீட்டுக்காரர் பின்னால்தான் நான் நடக்க வேண்டும் என்றார்.

என் கை அப்போதும் பாதி நீட்டியபடி இருந்தது. அதைக் கீழே இறக்கினேன். இத்தனை நாள் கண்ணும் கருத்துமாக நான் போட்ட மடிப்பு என் வீட்டுக்காரரைச் சுட வருகிறவனுக்கு அடையாளம் காட்டியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஜெயிலுக்குப் பயந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

என் வீட்டுக்காரர் நகராமல் நின்றார். அவருடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது. லயமே கூடி நிற்கிறது. மண்டோர் நிற்கிறார். காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தானே கேலி பண்ணின சாக்கை மாட்டிக்கொண்டு இத்தனை பேர் முன்னால் வர வேண்டும். கழற்றினால் கூடவே ‘தம்பி’யும் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ. நான் டின்னை எடுத்து, கேட் ஓரத்துக் கால்வாயில் கஞ்சி முழுவதையும் கொட்டினேன். கொட்டிவிட்டு அவரைப் பார்த்தேன்.

“எனக்கு நீங்க திரும்பி வந்தாப் போதும். போயி மாத்திக்கிட்டு வாங்க.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சட்டை அவரை விட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. தொப்பி காதை மறைத்தது. பையன்களில் ஒருவன், “சாக்கு வருதுடா!” என்றான். சிரிக்க வாயெடுத்தவர்களை மண்டோரே அதட்டினார்.

“பாத்துப் போயிட்டு வா தம்பி” என்றார்.

அன்று முழுவதும் என் காதுகள் கேட் பக்கமே இருந்தன. இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் மத்தியானம் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அந்த நடைச் சத்தம் வருகிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை. இனிமேல் வராது என்று மனது கெட்டதெல்லாம் நினைக்க ஆரம்பித்தது.

“தண்ணி குடு” என்று தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

வாசலைத் தாண்டி, எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். சேறும் முள்கீறலுமாக, முழுசாக. அவர் வந்தது எனக்குக் கொஞ்சமும் கேட்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு, அந்தத் தொளதொளச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாப்பிடும்போது சொன்னார். இவரும் போலீஸ்காரர்களும் ஒற்றையடிப் பாதை ஓரத்தில் பெரணிப் புதருக்குள் படுத்திருந்தார்களாம். காட்டில் இருந்தவர்கள், இவர்களைவிட அதிகம் பேர், வரிசையாகக் கடந்து போனார்களாம். ஒருவன் மட்டும் நின்று, இவர் படுத்திருந்த பக்கமே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனானாம். “சின்னப் பையந்தான். அவங் காலுலயும் இதே சப்பாத்து. கிழிஞ்சி விரலு வெளிய தெரிஞ்சிச்சி” என்றார். அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையனுக்காகவும் எங்கோ ஒரு வாசலில் யாரோ காது கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

பிறகு எத்தனையோ வருடம் அவரோடு வாழ்ந்துவிட்டேன், பேரன் பேத்தி பார்த்துவிட்டேன். இப்போதும் பிள்ளைகள் யாராவது சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றால் மற்றவர்கள் திடுக்கிட்டுத் திட்டுவார்கள். எனக்கு மட்டும், வெளியே போன ஆள் உயிரோடு வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று மனது நிறைந்துபோகும்.