எஞ்சின் எங்கே இருக்கிறது

கிருஷ்ணகுமாரி எழுத்துக்கூட்டி வாசித்த முதல் நோர்வேஜியச் சொற்களில் ஒன்று 'குதிரைவலு'. ஒஸ்லோவுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், அல்னாபுரூவில் ஒரு கார்க் காட்சியறையில் அவருக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்குப் போய், விற்பனையாளர்கள் வருவதற்குள் தரையையும் கண்ணாடிகளையும் துடைத்து முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு காருக்கு முன்னாலும் ஒரு பலகை நின்றது. எத்தனை குதிரைவலு, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, எடை எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அவர் தரை துடைத்துக்கொண்டே அவற்றை வாசித்தார். மொழி வகுப்பில் உருளைக்கிழங்கும் பாலும் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு 'முடுக்கம்' என்ற சொல் தெரிந்திருந்தது.

குடும்பக் கார்கள் அவரைக் கவரவில்லை. ஓரத்தில் தனியாக, தரையோடு ஒட்டினாற்போல் நின்ற இரண்டு மூன்று பந்தயக் கார்கள்தான் பிடித்தன. ஒருநாள் வேளைக்கே வந்த ஒரு விற்பனையாளர், அவர் பலகையின் முன் குனிந்து நிற்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு "உட்காருங்கள்" என்றார். கிருஷ்ணகுமாரி மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தரையில் பாய் போட்டு உட்கார்ந்தது போலிருந்தது. ஒரு நிமிடம்தான். மாலையில் அதைக் கணவர் குகதாசனிடம் சொன்னார்.

நகரப் பேருந்து ஓட்டுகிற குகதாசன், "அந்தக் கார் இடுப்பைப் பிடிக்கும்" என்றார்.

"நான் வாங்கச் சொல்லேல்லையே. இருந்தனான் எண்டுதான் சொன்னனான்."

தானே ஓட்ட வேண்டும் என்ற ஆசை கிருஷ்ணகுமாரிக்கு இருக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கவும் இல்லை. காட்சியறையில் மிஞ்சும் விளம்பரப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பார், அவ்வளவுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காட்சியறை வேறு ஊருக்கு மாறியது. அவர் புருசெத்தில், தங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலேயே இருந்த பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார்.

பிள்ளைகள் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்காரர்கள். முதல் சில மாதங்கள் அவருக்குச் சிரமமாக இருந்தது. பெரியவர்கள் அவருடைய நோர்வேஜியப் பிழைகளைக் கேட்டும் கேளாதது போல் இருப்பார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை. குசினிக்கும் கார் ஓட்டுவதற்கும் அந்த மொழியில் உள்ள சொற்கள் இரண்டுமே பூனை மெல்லச் சீறுவது போன்ற ஓர் ஒலியில் தொடங்கும். அந்த ஒலி அவருக்கு வரவில்லை. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று பல்லைக் காட்டிச் சீறிக் காட்டினார்கள். அவரும் சீறினார். இன்றுவரை முழுதாக வரவில்லை.

அவர் சேர்ந்து பத்தாவது ஆண்டில் இருந்த குழுவோடு கார்ப் பேச்சு தொடங்கியது ஒரு மழை நாளில். பிள்ளைகள் மழையுடுப்போடு வேலியில் தொற்றிக்கொண்டு வீதியைப் பார்த்திருந்தார்கள். மஞ்சள் நிறக் காரை முதலில் காண்பவர் "மஞ்சள் கார்!" என்று கத்திப் பக்கத்திலிருப்பவரின் தோளில் தட்ட வேண்டும். நோர்வே முழுக்க நடக்கும் விளையாட்டு அது. தாழ்வான மஞ்சள் கார் ஒன்று போனது. எல்லோரும் கத்தினார்கள்.

"அது வெறும் மஞ்சள் கார் இல்லை, போர்ஷ. அதற்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது" என்றார் கிருஷ்ணகுமாரி.

யூனஸ் என்ற ஐந்து வயதுப் பையன் திரும்பினான். "பின்னாலா? அப்படியானால் பைகளை எங்கே வைப்பார்கள்?"

"முன்னால்."

பிள்ளைகளால் இதை நம்ப முடியவில்லை. அடுத்த நாள் கிருஷ்ணகுமாரி வீட்டிலிருந்த பழைய விளம்பரப் புத்தகங்களில் ஐந்தாறைக் கொண்டுபோனார். எஞ்சின் முன்னால் உள்ள கார், பின்னால் உள்ள கார், இருக்கைக்கும் பின்சில்லுக்கும் நடுவில் உள்ள கார் என்று பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். அன்று மத்தியானம் பிள்ளைகள் தாங்களாகவே கதிரைகளை வரிசையாக வைத்துக் கார் செய்தார்கள். ஒருவர் சாரதி, ஒருவர் எஞ்சின். சாரதியாக இருக்க அதிகம் பேர் ஆசைப்படவில்லை. எஞ்சினாக இருப்பதற்குத்தான் வரிசை. எஞ்சின் முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று முதலில் முடிவெடுப்பார்கள். பிறகு எஞ்சின் தொண்டை கிழிய உறுமும்.

அதிகம் கதைக்காத நூரா என்ற பெண்பிள்ளை தன் முறை வந்தபோது போய் உட்கார்ந்து சத்தமே போடாமல் இருந்தாள். யூனஸ் குனிந்து அவளைப் பார்த்தான்.

"ஏன் ஓடவில்லை?"

"ஓடுகிறேன். நான் மின்சாரம்" என்றாள் நூரா.

அது நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கார்கள் பெரும்பாலும் மின்சாரக் கார்கள். பெட்ரோல் எஞ்சின் உறுமுவதை அவர்களில் சிலர் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை.

ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறுவார்கள். எல்லாக் குழுவுக்கும் கார் பிடித்ததில்லை. யூனஸும் நூராவும் இருந்த குழு அளவுக்கு வேறு எந்தக் குழுவும் அதில் ஊறியதில்லை. அதனால்தான் முறைப்பாடும் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, தன் மகன் உணவு மேசையில் மூன்று வினாடி, நான்கு வினாடி என்றே கதைக்கிறான் என்றும், சுற்றுச்சூழலைப் பற்றிக் கற்பிக்கிற பள்ளியில் பெட்ரோலையும் வேகத்தையும் கொண்டாடுவது சரியா என்றும் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பொறுப்பாளர் ஹில்டே அடுத்த நாள் கிருஷ்ணகுமாரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்."

கிருஷ்ணகுமாரி தலையாட்டினார். அந்த நாட்டில் 'கொஞ்சம் குறைக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். விளம்பரப் புத்தகங்களை எடுத்துத் தன் அலுமாரியில் பூட்டினார். வீட்டில் குகதாசனிடம், "இனி நான் கார் கதை கதைக்க மாட்டன்" என்றார்.

"ஆர் என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பொம்பிளை கேட்டதிலையும் பிழை இல்லை."

பிள்ளைகள் நிறுத்தவில்லை. பெரிய ஆளில்லாமலே கதிரைக் கார்கள் ஓடின. கேள்வி கேட்டால் கிருஷ்ணகுமாரி "எனக்குத் தெரியாது" என்று சொல்லி வேறு பக்கம் போனார். ஒருநாள் ஒரு பிள்ளை, லம்போர்கினியின் எஞ்சின் கூரைக்குள் இருக்கிறது என்றது. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து எஞ்சின் ஆனவர் மேசைமேல் ஏறி நின்று உறுமினார். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார் கிருஷ்ணகுமாரி. ஐந்தாம் நாள் வந்து, பிள்ளையை மேசையிலிருந்து இறக்கி, நடுவில் உட்காரவைத்தார்.

"இங்கே. கூரைக்குள் இல்லை."

அதே பின்னேரம் ஹில்டேயின் அறைக்கு அவராகப் போனார். பத்து ஆண்டுகளில் ஒன்று வேண்டும் என்று கேட்டு அந்த அறைக்குள் அவர் நுழைந்தது அதுவே முதல் தடவை. பிள்ளைகள் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள், ஓர் உண்மையான காரை ஒருநாள் முற்றத்தில் நிறுத்திக் காட்டினால் போதும், ஓட்ட வேண்டாம், வேகமும் வேண்டாம் என்றார். ஹில்டே சிறிது யோசித்து, எல்லாப் பெற்றோருக்கும் அறிவித்துவிட்டுச் செய்யலாம் என்றார். முறைப்பாடு சொன்ன தாயையும் அழைத்தார்.

கார் வின்சென்ற்றுடையது. குகதாசனோடு பேருந்து ஓட்டுகிறவர். பியோர்ண்டாலில் வாடகைக் கராஜ் ஒன்றில் சிவப்பு நிற இரண்டு இருக்கைக் காரை வைத்திருந்தார். காருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். மே மாதம் வெளியே எடுத்தால் செப்ரெம்பரில் திரும்பப் பூட்டிவிடுவார். மழையில் கொண்டுபோக மாட்டார்.

"எத்தினை பிள்ளையள்?" என்று அவர் கைபேசியில் கேட்டார்.

"பதினெட்டு."

"கை கழுவுவினமோ?"

"ஓம், நான் கழுவிவிடுவன்."

யூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கார் முற்றத்துக்குள் வந்து நின்றது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் யூனஸ், "சின்னதாக இருக்கிறது" என்றான். வின்சென்ற்றின் முகம் மாறியது. அவர் முன்மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டினார். அது சாதாரணக் கார்களில் போல முன்னால்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அதிலும் ஏமாற்றம். வேறு என்ன காட்டுவது என்று தெரியாமல் வின்சென்ற் விளக்குப் பொத்தானை அழுத்தினார். மூடிக்கிடந்த இரண்டு விளக்குகளும் தவளைக் கண்கள் போல மெல்ல மேலே எழுந்தன.

பதினெட்டுப் பேரும் கூச்சலிட்டார்கள். "முழித்துவிட்டது!"

மறுபடி அழுத்தினார். விளக்குகள் உள்ளே போயின. "நித்திரை!" பிறகு ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே ஏறி உட்கார்ந்து அழுத்த வேண்டும் என்றானது. ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை, சிலருக்கு நான்கு முறை. கார் முக்கால் மணி நேரம் முழித்து முழித்து நித்திரை கொண்டது. முறைப்பாடு சொன்ன தாய் ஓரத்தில் கோப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தார். தன் கருத்து மாறவில்லை என்று ஹில்டேயிடம் நேராகவே சொன்னார். அவருடைய மகன் மூன்றாவது தடவையாக வரிசையில் நின்றான்.

வின்சென்ற் புறப்படத் திறப்பைத் திருப்பியபோது எஞ்சின் ஒருமுறை முனகி நின்றுவிட்டது. பழைய பற்றரி. விளக்குகள் அதைக் குடித்துவிட்டிருந்தன.

"தள்ளினால் எடுபடும்" என்றார் வின்சென்ற் தமிழில். பிறகு கிருஷ்ணகுமாரியைப் பார்த்தார். "ஆர் தள்ளுறது?"

முற்றம் வாசல்பக்கம் கொஞ்சம் சரிவு. பெரியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கிருஷ்ணகுமாரி கேற்றைத் திறந்துவிட்டு வந்து, பிள்ளைகளை வரிசையாகப் பின்னால் நிறுத்தி, கார் உருண்டதும் கையை எடுத்துவிட்டு முற்றத்தின் குறுக்கே கீறியிருந்த மஞ்சள் கோட்டில் நின்றுவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நோர்வேஜியத்தில் எண்ணினார். மூன்று என்றதும் எல்லோரும் தள்ளினார்கள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாயும் வந்து தள்ளினார்.

கார் உருண்டது. கோட்டில் பிள்ளைகள் நின்றார்கள். பெரியவர்கள் இன்னும் பத்தடி தள்ளினார்கள். வின்சென்ற் கியரைப் போட, கார் ஒரு தடவை உதறி, பெரிய சத்தத்தோடு உயிர் பெற்றது. கேற்றில் வழி பார்க்க நொடி நேரம் மெதுவானவர், நின்றால் மறுபடி எடுபடாது என்ற பயத்தில் நிற்காமலே, கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வளைவு வரை சத்தம் கேட்டது.

"ஓடிவிட்டாரா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

நூரா இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். கையை எடுத்து, "சரியான சத்தம்" என்றாள். அவளுக்கு அது பிடித்ததா இல்லையா என்று கிருஷ்ணகுமாரிக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

மாலையில் வின்சென்ற் அழைத்தார். காரின் பின்பக்கம் முழுக்கக் கை அடையாளம் என்றார். கிருஷ்ணகுமாரி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

"அதை விடுங்கோ அக்கா. அடுத்த வருசமும் வரலாமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். புதுப் பற்றரி போட்டிட்டன்."

"அடுத்த வருசம் வாற பிள்ளையளுக்குப் பிடிக்குதோ தெரியாது. பாப்பம்" என்றார் கிருஷ்ணகுமாரி.

ஓகஸ்ட்டில் யூனஸும் நூராவும் இன்னும் ஏழு பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். புதிதாக வந்த மூன்று வயதுக்காரர்களிடம் அவர் விளம்பரப் புத்தகங்களைக் காட்டிப் பார்த்தார். ஒருவன் ஒரு பக்கத்தைக் கிழித்து வாயில் வைத்தான். மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் வீதியில் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை நடந்தது. புதிய பிள்ளைகள் நாள் முழுக்க வேலியில் நின்று மண் தோண்டும் இயந்திரத்தையே பார்த்தார்கள். கிருஷ்ணகுமாரிக்கு அந்த இயந்திரத்தில் ஆர்வம் வரவில்லை. ஆனாலும் இடைவேளையில் கேற்றடிக்குப் போய், அது எத்தனை தொன் என்று அதை ஓட்டுகிறவரிடம் கேட்டார். பதினான்கு என்றார் அவர். கிருஷ்ணகுமாரி திரும்பி வந்து அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்.